ரைனில் 40 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் என்ன?

2022 ஆகஸ்டில் ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. ஐரோப்பாவின் மிக முக்கியமான சரக்கு வழியான ரைன் நதியில், ஜெர்மனியின் கவுப் என்ற ஊரில், தண்ணீர் 40 சென்டிமீட்டருக்கும் கீழே போய்விட்டது என்றது செய்தி. பல இடங்களில் இதை "ஆழம் 40 சென்டிமீட்டர்" என்றே எழுதினார்கள். நின்றால் முழங்கால்கூட நனையாத அளவு அது. ஆனால் அதே செய்திக்குப் போட்ட படத்தில், நூறு மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல் ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக முடியும்? படம் பழையது என்றார்கள் சிலர். ரைன் வற்றிவிட்டது என்றே முடிவு கட்டினார்கள் வேறு சிலர். படமும் சரி, எண்ணும் சரி. "ஆழம்" என்ற சொல் மட்டும்தான் தவறு. அந்த ஒரு சொல்லைத் திருத்தப் புறப்பட்டால், நதி எங்கே பிறக்கிறது, எந்தப் பாறையை அறுத்துக்கொண்டு போகிறது, அதன் போக்கை மனிதர்கள் எப்படி மாற்றினார்கள் என்று முழுக் கதைக்குள்ளும் போக வேண்டியிருக்கும். போவோம்.

கோலின் பூஜ்யம் எங்கே இருக்கிறது?

குழந்தைகளின் உயரம் பார்க்கச் சுவரில் ஒட்டும் படங்கள் உண்டு. ஒட்டகச்சிவிங்கி படம் போட்டு, பக்கத்தில் அளவுக் கோடுகள் இருக்கும். அதைத் தரையிலிருந்து ஒட்டாமல், சற்று மேலே, சோபாவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். இப்போது உங்கள் பெண் அருகில் போய் நின்றால் அது 40 செ.மீ. என்று காட்டும். அவளுடைய உயரம் அதுவல்ல, படம் தொடங்கும் இடத்துக்கு மேலே அவள் எவ்வளவு தெரிகிறாள் என்ற கணக்கு. போன மாதம் 38 காட்டி இந்த மாதம் 40 காட்டினால் 2 செ.மீ. வளர்ந்திருக்கிறாள் என்பது மட்டும் சரியாகத் தெரியும்.

ரைனில் நிற்கும் நீர்மட்டக் கோலும் இப்படித்தான். ஜெர்மனியில் இதை பேகல் என்பார்கள். கரையிலோ பாலத் தூணிலோ செங்குத்தாகப் பொருத்திய பட்டை அது. அதில் இரண்டு இரண்டு சென்டிமீட்டராகக் கட்டங்கள். தண்ணீர் எந்தக் கட்டத்தைத் தொடுகிறதோ அதுதான் அன்றைய எண். கோலின் பூஜ்யம் ஆற்றின் தரையில் இல்லை. கடல்மட்டத்தை வைத்துக் கணக்கிட்டு, ஏதோ ஓர் உயரத்தில் நிலையாக வைத்துவிட்டார்கள். கவுப்பில் அது கடல்மட்டத்திலிருந்து 67 மீட்டருக்குச் சற்று மேலே.

அப்படியானால் கப்பலுக்குக் கிடைக்கும் ஆழம் எவ்வளவு? ஆற்றின் முழு அகலத்திலும் கப்பல் போவதில்லை. மிதவைகள் போட்டுக் குறித்த ஒரு பட்டையில்தான் போகும். அதைக் கப்பல் பாதை என்போம். கவுப் பகுதியில் அதன் அகலம் 120 மீட்டர். கோல் சுமார் 78 செ.மீ. மட்டுமே காட்டும் குறைந்த நீரிலும் இந்தப் பாதையில் 1.90 மீட்டர் ஆழம் இருக்கும்படி பராமரிக்கிறார்கள். கழித்துப் பாருங்கள், 1.12 மீட்டர் வரும். ஆக, கோல் காட்டும் எண்ணோடு 1.12 மீட்டரைக் கூட்டினால் கப்பல் பாதையின் ஆழம் கிடைத்துவிடும். 40 செ.மீ. என்றால் சுமார் 1.52 மீட்டர். 2018 அக்டோபரில் கவுப் கோல் 25 செ.மீ.க்கு இறங்கியது. அதற்கு முந்தைய மோசமான ஆண்டான 2003இல்கூட 35 வரைதான் போயிருந்தது. 25 காட்டிய அன்றும் பாதையில் 1.37 மீட்டர் தண்ணீர் இருந்தது.

இதைவிட நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. நெதர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் எம்மரிக் என்ற ஊர். 2022 ஆகஸ்டில் அங்கே கோல் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸில் காட்டியது. கோல் காட்டும் எண்தான் ஆழம் என்றால் தரைக்கு அடியில் ஆறு ஓடியதாக ஆகிவிடும். ஆனால் அன்றும் எம்மரிக்கைக் கப்பல்கள் கடந்துகொண்டுதான் இருந்தன. பூஜ்யத்தை வைத்த காலத்தைவிட ஆற்றின் தரை தாழ்ந்துபோய்விட்டது, அவ்வளவுதான். தரை ஏன் தாழ்ந்தது என்பது பெரிய கதை, பிறகு வருகிறேன்.

ஒவ்வொரு ஊரின் பூஜ்யமும் வேறு வேறு. அதனால் "கொலோனில் 69, கவுப்பில் 25, எனவே கொலோனில் மூன்று மடங்கு தண்ணீர்" என்று ஒப்பிடக் கூடாது. ஒரே ஊரின் எண்ணை அதே ஊரின் பழைய எண்ணோடு ஒப்பிடலாம். கொலோனில் 2018இல் 69 செ.மீ. காட்டிய அதே கோல், 1995 ஜனவரி வெள்ளத்தில் 10.69 மீட்டர் காட்டியது. பத்து மீட்டர் வித்தியாசம்! ஒரே ஆறு, ஒரே இடம்.

இதுவரை பார்த்தது: கோல் காட்டுவது நீர்மட்டம், ஆழம் இல்லை. கவுப்பில் ஆழம் வேண்டுமென்றால் 1.12 மீட்டர் கூட்ட வேண்டும். ஊருக்கு ஊர் பூஜ்யம் மாறும்.

பத்து சென்டிமீட்டருக்கு நூறு டன்

"ஒன்றரை மீட்டர் இருக்கிறதே, அப்புறம் என்ன பிரச்சினை?" என்று கேட்கத் தோன்றும். ஒரு வாளித் தண்ணீரில் காலிக் கிண்ணத்தை மிதக்கவிடுங்கள். ஒவ்வொரு கரண்டியாக அரிசி போடுங்கள். கிண்ணம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எவ்வளவு எடை ஏற்றுகிறோமோ அவ்வளவு எடையுள்ள தண்ணீரை அது ஒதுக்கித் தள்ளியாக வேண்டும், அதற்காகத்தான் இறங்குகிறது. நீர்மட்டத்துக்குக் கீழே கப்பலின் உடல் எவ்வளவு இருக்கிறது என்பதை அமிழ்வு என்போம்.

ரைனில் ஓடும் பெரிய சரக்குக் கப்பலின் வழக்கமான அளவு 110 மீட்டர் நீளம், 11.4 மீட்டர் அகலம். ஏறக்குறைய பெட்டி வடிவம். அது 10 செ.மீ. கூடுதலாக இறங்க எவ்வளவு சரக்கு தேவை? நீளத்தை அகலத்தால் பெருக்கி 0.1 மீட்டரால் பெருக்கினால் 125 கனமீட்டர் வரும். முனைகள் வளைந்திருப்பதால் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். ஒரு கனமீட்டர் தண்ணீர் ஒரு டன். எனவே 10 செ.மீ.க்கு ஏறத்தாழ 110 டன்.

இப்போது கவுப் கோல் 1.50 மீட்டரிலிருந்து 80 செ.மீ.க்கு இறங்குகிறது என்று வையுங்கள். 70 செ.மீ. போய்விட்டது. தரை தட்டாமல் இருக்கக் கப்பலுக்கு அடியில் சுமார் 30 செ.மீ. இடைவெளி எப்படியும் விட்டாக வேண்டும், அதில் கைவைக்க முடியாது. சரக்கைத்தான் குறைக்க வேண்டும். ஒரே கப்பலில் 770 டன் குறைகிறது. அது முப்பது லாரி லோடு. நீர்மட்டம் இன்னும் இறங்கினால், ஒரு கப்பல் ஏற்றிப்போன சரக்குக்கு மூன்று நான்கு கப்பல் தேவைப்படும். வாடகை ஏறும். அந்த ஏற்றமும் கவுப் கோலின் எண்ணைப் பார்த்துத்தான் நிர்ணயமாகிறது. ஒப்பந்தத்திலேயே "கவுப் இவ்வளவு என்றால் கூடுதல் கட்டணம் இவ்வளவு" என்று அட்டவணை போட்டிருப்பார்கள்.

இங்கே இன்னொரு தவறான எண்ணத்தையும் தெளிவாக்கிவிட வேண்டும். தண்ணீர் குறைந்ததால் "ரைனை மூடிவிட்டார்கள்" என்று அவ்வப்போது படிக்கிறோம். தண்ணீர் குறைந்தால் யாரும் மூடுவதில்லை. போவதா வேண்டாமா, எவ்வளவு ஏற்றுவது என்று கப்பல்காரர் தாமே முடிவு செய்வார். வெள்ளம் வந்தால்தான் உத்தரவு. கவுப்பில் கோல் 6.40 மீட்டரைத் தாண்டினால் கப்பல் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள்.

ஏன் எல்லோரும் கவுப்பையே பார்க்கிறார்கள்?

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள நதியில் ஒரு சின்ன ஊரின் எண் ஏன் இவ்வளவு முக்கியம்? இதற்கு நதியின் வழியை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் கிராவ்பூண்டன் மாநிலத்தில், 2,345 மீட்டர் உயரத்தில், தோமா என்ற சின்ன ஏரி. ரைனின் பிறப்பிடம் என்று வழக்கமாகக் காட்டுவது அதைத்தான். அங்கிருந்து வரும் முன்ரைனும், வேறு பள்ளத்தாக்கிலிருந்து வரும் பின்ரைனும் ரைக்கனாவ் என்ற இடத்தில் சேர்கின்றன. பிறகு வடக்கே திரும்பி, லிக்டன்ஸ்டைன், ஆஸ்திரியா எல்லைகளை ஒட்டி ஓடி, கான்ஸ்டன்ஸ் ஏரிக்குள் விழுகிறது. 536 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி. மலையிலிருந்து சுமந்துவந்த மண்ணையெல்லாம் அங்கே இறக்கி வைத்துவிட்டுத் தெளிந்த நீராக வெளியே வருகிறது நதி. கப்பல்காரர்களின் கிலோமீட்டர் கணக்கு அந்த ஏரியின் வாயில், கான்ஸ்டன்ஸ் நகரப் பாலத்தில், பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கவுப் இருப்பது 546ஆவது கிலோமீட்டரில்.

(நீளம் பற்றி ஒரு சின்ன செய்தி. பல பத்தாண்டுகளாகக் கலைக்களஞ்சியங்கள் ரைனின் நீளம் 1,320 கிலோமீட்டர் என்றே அச்சிட்டன. 2010இல் கொலோன் பல்கலைக்கழக உயிரியலாளர் ஒருவர் பழைய நூல்களை ஒப்பிட்டுப் பார்த்து, 1,230க்குப் பதில் எண்கள் இடம் மாறி விழுந்திருக்க வேண்டும் என்று சுட்டிக்காட்டினார். இப்போது சுமார் 1,230 என்பதுதான் வழக்கு. பழைய பொது அறிவுப் புத்தகம் கையில் இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.)

ஏரிக்கு அடுத்து ஷாஃப்ஹௌசன் அருகே 23 மீட்டர் உயர அருவி. பாசல் நகரில் முழங்கையை மடக்கியதுபோல் வடக்கே ஒரு திருப்பம். அங்கிருந்து பிங்கன் வரை நதி ஒரு பெரிய பள்ளத்தில் ஓடுகிறது. இந்தப் பள்ளத்தை நதி வெட்டவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பூமியின் மேலோடு இருபுறமும் இழுபட்டு, நடுவில் ஒரு துண்டு கீழே இறங்கிவிட்டது. அப்படி இறங்கிய நிலத்தைப் பிளவுப் பள்ளத்தாக்கு என்போம். சுமார் 300 கி.மீ. நீளம், முப்பது நாற்பது கி.மீ. அகலம். மேற்கே வோஸ் மலை, கிழக்கே கருங்காடு. நடுவில் தளர்ந்த சரளையும் வண்டலும் நிறைந்த சமவெளி.

பிங்கனைத் தாண்டியதும் காட்சி மாறிவிடுகிறது. கடினமான பலகைப்பாறையும் குவார்ட்சைட்டும் கொண்ட மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. நிலம் மெல்ல மெல்ல மேலே எழும்பியபோது, ஏற்கெனவே அங்கே ஓடிக்கொண்டிருந்த ரைன் தன் இடத்தை விடாமல் அறுத்துக்கொண்டே இருந்தது. மேலே உயரும் மரத்தை ஒரே உயரத்தில் பிடித்த ரம்பம் அறுப்பதுபோல. அதனால்தான் இருபுறமும் செங்குத்தான சரிவுகள், திராட்சைத் தோட்டங்கள், கோட்டைகள், நீரிலிருந்து 132 மீட்டர் எழும் லோரலை பாறை. இந்தப் பள்ளத்தாக்கை 2002இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

கவுப் இருப்பது இந்த மலைப் பகுதியில்தான். கீழே இருப்பது கரையாத பாறை. சரளையாக இருந்தால் நதியே அரித்து ஆழமாக்கிக்கொள்ளும். இங்கே அது நடக்காது. போதாக்குறைக்கு நடுவில் ஒரு திட்டு, அதன் இருபுறமும் தண்ணீர் பரந்து மெலிந்து ஓடுகிறது. கவுப்புக்கு மேலே இஃபட்ஸ்ஹைம் தொடங்கி மைன்ஸ் அருகே வரை அதே குறைந்த நீரில் 2.10 மீட்டர் ஆழம் கிடைக்கிறது. கீழே கொலோன் பக்கம் 2.50. நடுவில் மட்டும் 1.90.

நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவர்களுக்கு இது உடனே புரியும். முந்நூறு கிலோமீட்டர் சாலை எவ்வளவு நன்றாக இருந்தாலும், வழியில் ஒரே ஒரு ரயில் பாலம் தாழ்வாக இருந்தால், லோடு எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதை அந்தப் பாலம்தான் தீர்மானிக்கும். ராட்டர்டாமில் நிலக்கரி ஏற்றும்போதே, நானூறுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கவுப்பின் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறார்கள். சரக்கு டூயிஸ்பர்க்கோடு இறங்கிவிடும் என்றால் கவுப் பற்றிக் கவலையில்லை. மன்ஹைம், லுட்விக்ஸ்ஹாஃபன், பாசல் போக வேண்டுமென்றால் கவுப்பைத் தாண்டியாக வேண்டும்.

பான் நகருக்குக் கீழே மறுபடி சமவெளி. நெதர்லாந்துக்குள் நுழைந்ததும் நதி கிளை பிரிகிறது. சுமார் மூன்றில் இரண்டு பங்கு நீர் வால் என்ற கிளைக்குப் போகிறது. மீதி நெடர்ரைன், ஐசல் என்ற கிளைகளுக்கு. ராட்டர்டாம் பக்கம் வட கடல்.

சுருக்கமாக: பிளவுப் பள்ளத்தாக்கில் சரளை, மலைப் பகுதியில் பாறை, பிறகு சமவெளி. பாறைப் பகுதியின் ஆழமற்ற இடம் கவுப். அங்கே கிடைக்கும் ஆழம்தான் மேலே போகும் எல்லாச் சரக்குக்கும் வரம்பு.

இரண்டு சம்பளம் வாங்கும் நதி

ஒரு வீட்டில் இருவர் சம்பாதிக்கிறார்கள். ஒருவருக்குக் கோடையில் வருமானம், மற்றவருக்குக் குளிர்காலத்தில். வீடு வருடம் முழுவதும் ஓடிவிடும். ரைன் அப்படிப்பட்ட வீடு.

ஆல்ப்ஸ் மலையில் குளிர்காலத்தில் விழும் பனி அங்கேயே உறைந்து கிடக்கும். மே, ஜூன், ஜூலையில் உருகி இறங்கும். பாசலில் நீர் அதிகமாக இருப்பது அந்த மாதங்களில்தான். நெக்கர், மைன், மோசல் போன்ற துணை நதிகள் மழையை நம்பியவை. கோடையில் வெயில் நிலத்து ஈரத்தையெல்லாம் ஆவியாக்கிவிடுவதால் அவை இளைத்துப்போகும், குளிர்காலத்தில் பெருகும். ஒன்று குறையும்போது மற்றது ஈடுகட்டும். நடுவில் கான்ஸ்டன்ஸ் ஏரி வேறு, வெள்ளத்தை வாங்கி வைத்து நிதானமாக விடுகிறது. அதன் வாயில் அணையோ மதகோ கிடையாது, இயல்பாகவே அப்படி. ஐரோப்பாவின் மற்ற நதிகளைவிட ரைனில் கப்பல் போக்குவரத்து செழித்ததற்கு இந்த ஒழுங்கான ஓட்டம் பெரிய காரணம்.

இரண்டு சம்பளமும் ஒரே நேரத்தில் தடைபட்டால்தான் சிக்கல். பனி உருகி முடிந்த பிறகு, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, மழையும் பொய்த்தால் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகும். 2018இல் வறட்சி இலையுதிர்காலம் வரை நீண்டது. 2022இல் குளிர்காலத்திலேயே ஆல்ப்ஸில் பனி குறைவு, கோடையும் கடுமை, எனவே ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. வெப்பம் ஏற ஏற, பனியாகச் சேமிக்கப்பட வேண்டிய நீர் மழையாக விழுந்து குளிர்காலத்திலேயே ஓடிவிடுகிறது. கோடைச் சம்பளம் முன்கூட்டியே செலவாகிவிடுகிறது என்று சொல்லலாம். எனக்குக் கவலை தருவது இதுதான்.

நேராக்கிய நதி, தாழ்ந்த தரை

இப்போது முன்பு சொன்ன தரை தாழ்ந்த கதைக்கு வருவோம். எம்மரிக்கில் அல்ல, மேலே பாசல் பக்கத்தில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். ரைன் முழுக்க இயற்கையின் படைப்பு என்று நினைப்பவர்கள் அதிகம். பாசலுக்கும் வோர்ம்ஸுக்கும் இடையே இன்று தெரியும் நதி பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் மண்வெட்டியால் வரைந்த நதி.

200 ஆண்டுகளுக்கு முன் அங்கே கரை என்று நிலையாக எதுவும் கிடையாது. மேல் பகுதியில் பல கால்களாகப் பிரிந்து நூற்றுக்கணக்கான திட்டுகளுக்கு நடுவே ஓடியது. கீழே பாம்புபோல் வளைந்து நெளிந்தது. வெள்ளத்துக்கு வெள்ளம் வழி மாறும். ஊர்கள் அடித்துப்போகும். சதுப்பு நிலங்களில் மலேரியா. அன்று தனி நாடாக இருந்த பாடனின் பொறியாளர் யோஹான் காட்ஃபிரீட் துல்லா, 1817இல் இந்த நதியை ஒரே படுகையில் அடக்கும் வேலையைத் தொடங்கினார். கார்ல்ஸ்ரூஹே அருகே ஒரு கிராமத்தார் தங்கள் நிலம் போய்விடும் என்று எதிர்த்தார்கள். படையின் காவலோடு தோண்டினார்கள்.

அவர் கையாண்ட உத்தி அழகானது. ஒரு பெரிய வளைவின் கழுத்தில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு குறுகிய வாய்க்கால் மட்டும் வெட்டுவார்கள், சுமார் 20 மீட்டர் அகலத்தில். தண்ணீர் குறுக்கு வழியைப் பார்த்ததும் அதற்குள் பாயும். மிச்ச மண்ணை நதியே அரித்து, வாய்க்காலை இருநூறு மீட்டருக்கு மேல் அகலமாக்கிவிடும். மனிதர்கள் கோடு போட்டுக் கொடுத்தார்கள், வேலையை நதி செய்தது. 1828இல் துல்லா பாரிஸில் இறந்தார். மலேரியாதான் அவரையும் கொண்டுபோனது என்பார்கள். வேலை 1876 வரை நடந்தது. முடிந்தபோது பாசலிலிருந்து வோர்ம்ஸ் வரையிலான தொலைவு 354 கிலோமீட்டரிலிருந்து 273 ஆகியிருந்தது. 81 கிலோமீட்டர் நதி காணாமல் போனது.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள மலைப்பாதையை நினைத்தால் போதும். கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி இறங்கினால் சரிவு மெதுவாக இருக்கும். நேராக ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் கால் நிற்காது. உயர வித்தியாசம் அதேதான், தொலைவு குறைந்ததால் சரிவு கூடிவிடுகிறது. நதியும் வேகம் பிடித்தது. வேகமான நீர் தரையிலிருக்கும் சரளையை வாரிக்கொண்டு போனது. தரை ஓரளவு தாழ வேண்டும் என்பது துல்லாவின் திட்டத்திலேயே இருந்தது, அப்போதுதான் சதுப்பு வடியும். ஆனால் அரிப்பு அவர் எதிர்பார்த்த அளவில் நிற்கவில்லை. பாசலுக்குக் கீழே சில இடங்களில் தரை ஏழு மீட்டர் வரை இறங்கியது. நிலத்தடி நீரும் கூடவே இறங்கியது. கரையோரக் காடுகள் காய்ந்தன. இஸ்டைன் என்ற இடத்தில் புதைந்திருந்த பாறை வெளியே தலைகாட்டி, கப்பலுக்கே தடையானது.

இந்தத் தடையைத் தாண்டவும் நீர்மின்சாரம் எடுக்கவும் 20ஆம் நூற்றாண்டில் தடுப்பணைகள் வந்தன. முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் ஒப்பந்தம் இந்தப் பகுதியின் நீர்மின் உரிமையைப் பிரான்சுக்குக் கொடுத்தது. 1932இல் கெம்ப்ஸில் முதல் தடுப்பணை, 1977இல் இஃபட்ஸ்ஹைமில் கடைசி, மொத்தம் பத்து. தடுப்பணைகளுக்கு நடுவே நதி படிக்கட்டாகிவிட்டது. ஒவ்வொரு படியிலும் ஆழம் நிலையாக இருக்கும். கதவுகளை மூடி நீரை ஏற்றி இறக்கும் தொட்டிகள் வழியே கப்பல் படியேறும். எனவே வறட்சியில் சிக்குவது இஃபட்ஸ்ஹைமுக்குக் கீழே, தடையின்றி ஓடும் பகுதிதான்.

தடுப்பணை மேலே சரளையைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அதைத் தாண்டி வரும் நீர் வெறுங்கையோடு வருகிறது. வெறுங்கையோடு வரும் நீர் கீழே இருக்கும் தரையை அரிக்கும். அதைத் தடுக்க இன்னொரு தடுப்பணை, அதற்குக் கீழே மறுபடி அரிப்பு, மறுபடி ஒன்று என்று கடல் வரை கட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். இஃபட்ஸ்ஹைமோடு அந்தச் சங்கிலியை அறுத்தார்கள். எப்படித் தெரியுமா? 1978 முதல் அங்கே நதிக்குச் சரளை ஊட்டுகிறார்கள். அடியைத் திறந்துவிடும் படகில் லட்சக்கணக்கான டன் சரளையை ஆண்டுதோறும் கொண்டுபோய், தடுப்பணைக்குக் கீழே கொட்டுகிறார்கள். நதி அதை வாரிக்கொண்டு போகிறது, தரையை விட்டுவிடுகிறது. இது என்றைக்கும் முடியாத வேலை. நிறுத்தினால் மறுபடி அரிப்பு தொடங்கிவிடும். நதியைத் திருத்தும் திட்டங்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் எனக்கு இந்தப் படகுதான் நினைவுக்கு வருகிறது.

வெள்ளமும் மாறிவிட்டது. வளைவுகளும் வெள்ளச் சமவெளியும் போனதால், பாசலிலிருந்து கார்ல்ஸ்ரூஹேவுக்கு வெள்ளத்தின் உச்சம் வந்துசேர ஆகும் நேரம் பாதிக்கும் குறைவாகிவிட்டது. முன்பு நெக்கர் வெள்ளம் வடிந்த பிறகு ரைன் வெள்ளம் வரும். இப்போது இரண்டும் ஒன்றாகச் சேரும் ஆபத்து கூடியிருக்கிறது. 1995இல் நெதர்லாந்தில் சுமார் இரண்டரை லட்சம் பேரை வீடுகளிலிருந்து வெளியேற்ற வேண்டி வந்தது. அதன் பிறகு அங்கே கரைகளைப் பின்னுக்குத் தள்ளி, நதிக்கு இடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

மறுபடி ஒரு வரியில்: நதியைக் குறுக்கினால் சரிவு கூடும், வேகம் கூடும், தரை அரிக்கும். சரளை உள்ள இடத்தில் இது நடந்தது. கவுப்பின் பாறை அசையவில்லை.

யாருடைய நதி?

"ஜெர்மனியின் ரைன்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். பெரும்பகுதி அங்கே ஓடுவது உண்மை. ஆனால் கப்பல் விதிகளை ஜெர்மனி மட்டும் எழுத முடியாது.

கவுப்பின் நடுத்திட்டில் ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன் என்ற கோட்டை நிற்கிறது. நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் பக்கம் கப்பலின் மூக்குபோல் கூராகக் கட்டியிருக்கிறார்கள், குளிர்காலத்தில் மிதந்துவரும் பனிக்கட்டிகள் மோதி உடைவதற்கு. 1327 வாக்கில் கட்டத் தொடங்கியது. எதற்கு? போகிற வருகிற படகுகளிடம் சுங்கம் வாங்க. அன்று ரைனில் ஒவ்வொரு சிற்றரசுக்கும் ஒரு சுங்கச்சாவடி. ஆழம் குறைந்து, பாறை நிறைந்து, படகு மெதுவாகத்தான் போக முடியும் என்ற இடம் சுங்கம் வாங்குபவருக்கு வசதியான இடம். இன்று கப்பல்காரர்களைத் திணறடிக்கும் அதே பாறைதான் அன்று அந்தக் கோட்டைக்கு வருமானம்.

1815இல் வியன்னா மாநாடு நதிப் போக்குவரத்து எல்லோருக்கும் பொது என்ற கொள்கையை வகுத்து, ரைனுக்கென்று ஒரு கூட்டு ஆணையம் அமைத்தது. இன்றும் இயங்கும் சர்வதேச அமைப்புகளில் மிகப் பழையது அதுதான் என்பார்கள். இப்போது ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கிறது. ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, பெல்ஜியம், சுவிட்சர்லாந்து ஐந்தும் உறுப்பினர்கள். 1868இல் மன்ஹைமில் போட்ட ஒப்பந்தத்தின்படி, ரைனில் கப்பல் ஓட்டுவதற்காக மட்டும் சுங்கம் வசூலிக்கக் கூடாது. திருத்தங்களோடு அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கடலே இல்லாத சுவிட்சர்லாந்துக்குக் கடலுக்கு ஒரு வாசல் இருக்கிறது என்றால் அது இந்த ஏற்பாட்டால்தான்.

இனி கவுப்பில் என்ன செய்யலாம்?

2018 வறட்சியில், லுட்விக்ஸ்ஹாஃபனில் ரைன் கரையிலேயே பெரும் ஆலை வைத்திருக்கும் பிஏஎஸ்எஃப் என்ற வேதிப்பொருள் நிறுவனம், மூலப்பொருள் வராமல் உற்பத்தியைக் குறைத்தது. சுமார் 25 கோடி யூரோ இழப்பு என்று அந்த நிறுவனமே சொன்னது. அதே நாட்களில் கவுப்பில் மக்கள் காய்ந்த சரளை மேல் நடந்தே கோட்டைத் திட்டுக்குப் போய் வந்தார்கள். 2022இல் வோர்ம்ஸ் அருகே பசிக்கற்கள் வெளியே தெரிந்தன. தண்ணீர் மிகவும் இறங்கும் ஆண்டை ஆற்றுக் கல்லில் செதுக்கி வைக்கும் பழைய வழக்கம் அது. 1947, 1959, 2003, 2018 என்று வரிசையாக இருந்தன.

தடுப்பணை கட்டிவிடலாமே என்று சுலபமாகச் சொல்கிறார்கள். தடையின்றி ஓடும் பள்ளத்தாக்கு, மரபுச் சின்னம், இருகரையிலும் நீரை ஒட்டி ஊர்களும் ரயில் பாதையும். நீரை உயர்த்த இடமில்லை. தூர்வாரலாமே என்பவர்கள் கீழே இருப்பது பாறை என்பதை மறந்துவிடுகிறார்கள். அதனால் ஜெர்மன் அரசு கையில் எடுத்திருக்கும் திட்டம் சிறியது. மைன்ஸுக்கும் சங்க்ட் கோவாருக்கும் இடையே ஆழமற்ற சில இடங்களை மட்டும் திருத்தி, கப்பல் பாதையை 1.90 மீட்டரிலிருந்து 2.10 ஆக்குவது. வெறும் 20 செ.மீ.தானே என்று தோன்றலாம். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள், ஒரு கப்பலுக்கு 220 டன்.

இன்னொரு வழி கப்பலை மாற்றுவது. பிஏஎஸ்எஃப் சரக்குக்காகவே கட்டிய ஒரு டேங்கர் 2023இல் ஓடத் தொடங்கியது. 135 மீட்டர் நீளம், அகலம் 11.4க்குப் பதில் 17.5 மீட்டர். அகலம் கூடினால் அதே எடைக்குக் குறைவாகவே அமிழும், கிண்ணத்துக்குப் பதில் தாம்பாளத்தை மிதக்கவிட்டதுபோல. கவுப் கோல் 30 செ.மீ. காட்டும் நாளிலும் 800 டன் ஏற்றிக்கொண்டு அந்தப் பாறையைத் தாண்டிப் போகும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள்.